பள்ளி வளாகத்து டிஸ்க் கால்ஃப் களத்தில் ஆடுவது எப்படி

அமெரிக்காவின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும் உள்ள பல பள்ளிகளின் பின்புறத்தில், விளையாட்டுத் திடலுக்கும் வேலியோர மரங்களுக்கும் நடுவே, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைகள் ஆறோ ஒன்பதோ ஆங்காங்கே நடப்பட்டிருப்பதைக் காணலாம். அவை டிஸ்க் கால்ஃப் என்னும் விளையாட்டுக்கானவை. குறித்த ஓரிடத்தில் நின்று, டிஸ்க் எனப்படும் வட்டமான பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கூடையை நோக்கி வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் வீச வேண்டும். கூடைக்குள் சென்று சேரும் வரை எத்தனை வீச்சுகள் ஆயின என்பதே கணக்கு. எல்லாக் கூடைகளையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவரே வென்றவர். பெரிய பூங்காக்களில் அமைந்துள்ள 18 கூடைக் களங்களுக்குப் பெயரும் கூட்டமும் உண்டு. பள்ளி வளாகக் களங்களோ அடுத்த தெருவில் குடியிருப்பவருக்குக்கூடத் தெரியாமல் இருந்துவிடுகின்றன.

எனக்கு இத்தகைய களங்களின்மேல் தனிப் பற்று உண்டு. தொடக்க இடத்திலிருந்து கூடை பெரும்பாலும் 50 முதல் 90 மீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கும், நிலம் சமமாக இருக்கும், கட்டணம் இருப்பதில்லை, ஒன்பது கூடைகளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அங்கே குடியேறிய நம்மவர் குடும்பங்கள் பல, பிள்ளைகளை விடுவதற்காக அந்த வளாகத்துக்குத் தினமும் காரில் வந்து சென்றாலும், அங்கு நிற்கும் கூடைகளில் தாங்களும் ஆடலாம் என்பதை அறியாமலே இருக்கின்றன. ஆனால் பூங்காக் களத்துப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. பூங்கா ஆட வருபவர்களுக்காக அமைந்தது. பள்ளி படிக்க வரும் பிள்ளைகளுக்காக அமைந்தது. எப்போது செல்வது என்பதில் தொடங்கி எந்த டிஸ்க்கைக் கையில் எடுப்பது என்பது வரை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

அனுமதியும் நேரமும்

களங்களைத் தேட உதவும் யுடிஸ்க் என்னும் கைபேசிச் செயலியிலும், 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இவ்விளையாட்டின் விதிகளை வகுத்துவரும் பி.டி.ஜி.ஏ. எனப்படும் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் களப் பட்டியலிலும் பள்ளிக் களங்கள் பல இடம்பெற்றுள்ளன. உங்கள் ஊரின் பெயரை இட்டுத் தேடி, ஆறு அல்லது ஒன்பது கூடைகள் மட்டுமே உள்ள களங்களைப் பாருங்கள். அவற்றில் சில பள்ளிகளில் இருக்கும். இந்தப் பட்டியல்களின் விவரங்களைப் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே பதிவேற்றுகிறார்கள் என்பதால், அதிகம் பேர் ஆடாத களங்களின் குறிப்புகள் பழையனவாக இருக்கக்கூடும். ஆகவே செயலி சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, பள்ளி வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையையும் பள்ளி அலுவலகத்தின் சொல்லையுமே முடிவாகக் கொள்ள வேண்டும்.

அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்போ சிறு மின்னஞ்சலோ போதும். வெளியார் ஆடலாமா, எந்த நேரங்களில் ஆடலாம், எந்தப் பகுதிக்குள் போகக் கூடாது, கூடைகள் எல்லாம் இப்போது இடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உடற்கல்வி ஆசிரியருடன் பேச முடியுமா என்று கேட்பது இன்னும் நல்லது. பல பள்ளிகளில் அவர்தான் களத்தை அமைத்தவராகவோ அதைக் கவனித்துக்கொள்பவராகவோ இருப்பார். அவர் சொல்லும் விவரங்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது.

பள்ளி நடக்கும் நேரத்தில் களத்துக்குப் போகவே கூடாது. அந்நேரத்தில் வளாகத்துக்குள் வரும் எவரும் அலுவலகத்தில் பெயரைப் பதிந்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளிகளின் பொதுவான நடைமுறை. அறிமுகமற்ற ஒருவர் பையோடு வகுப்பறைச் சன்னலுக்கு எதிரே நடமாடுவது அங்கே எவ்வளவு அச்சத்தை எழுப்பும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளி விட்டதும் களம் காலியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பருவத்துக்கு ஏற்றபடி கால்பந்து, சாஃப்ட்பால், ஓட்டப் பயிற்சி என்று மாலை வரை திடல் நிறைந்திருக்கும். சனிக்கிழமைக் காலைகளில் சிறுவர்களின் கால்பந்துப் போட்டிகள் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையும், வெளிச்சம் நீண்டு நிற்கும் கோடைக்கால மாலையும், ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரையிலான நீண்ட விடுமுறையின் காலை நேரமும் எனக்குத் தெரிந்தவரை மிகப் பொருத்தமானவை. விடுமுறையிலும் கோடை வகுப்புகளும் முகாம்களும் நடக்கலாம் என்பதால் பள்ளியின் நாட்காட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

பள்ளி வளாகங்களில் புகையிலை, மது, ஆயுதம் ஆகியவற்றுக்குத் தடை உண்டு. அத்தடை விடுமுறை நாளிலும் தொடரும். நாய்களை அழைத்து வரலாமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பேருந்துகள் நிற்கும் பாதையில் காரை நிறுத்தாமல் பார்வையாளர்களுக்கான இடத்தில் நிறுத்துங்கள்.

வீசும் முன் ஒரு சுற்று நடை

பூங்காக் களத்தில் ஒவ்வொரு தொடக்க இடத்திலும் தூரத்தையும் பாதையையும் காட்டும் பலகை இருக்கும். பள்ளிக் களத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே முதல் முறை செல்லும்போது டிஸ்க்கை வெளியே எடுக்காமல் களம் முழுவதையும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுவதே சிறந்த வழி. அதற்கு இருபது நிமிடம் ஆகலாம். அந்த இருபது நிமிடத்தைச் செலவிடாதவர்கள் மூன்றாவது கூடைக்குப் பிறகு வழி தெரியாமல் நின்று, கண்ணில் படும் கூடையை நோக்கியெல்லாம் வீசி, ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கிடும் நிலைக்கு வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் தொடக்க இடம் பெரும்பாலும் வாகன நிறுத்துமிடத்துக்கோ உடற்பயிற்சிக் கூடத்தின் கதவுக்கோ அருகில் இருக்கும். வகுப்பு மாணவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வருவார்கள். சிமெண்ட் பலகை, ரப்பர் விரிப்பு, தரையில் அடித்த வண்ணக் கோடு, இரண்டு மரமுளைகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதைக் காட்டலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் தரையைப் பாருங்கள். பலரும் ஒரே இடத்தில் காலூன்றித் திரும்பியிருப்பதால் அங்கே புல் தேய்ந்து மண் தெரியும். அந்தத் தேய்வு எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அத்திசையில்தான் கூடை இருக்கும்.

கூடையின் மேல்வளையத்தில் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண் அழிந்திருந்தாலும், சங்கிலிகளுக்குக் கீழே டிஸ்க்கைத் தாங்கும் தட்டின் அடிப்பகுதியில் ஓர் அம்புக்குறியோ வண்ண நாடாவோ சிறு தகடோ ஒரு பக்கமாகக் கட்டப்பட்டிருக்கலாம். அது காட்டும் திசையில் அடுத்த தொடக்க இடம் இருக்கும். இந்த வழக்கத்தை அறியாத புதியவர்கள் அதை யாரோ கட்டிய பழைய நாடா என்று கடந்து போய்விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கூடைக்கு அருகே நின்று நாற்புறமும் பாருங்கள். களம் அமைப்பவர்கள் அடுத்த தொடக்க இடத்தை முந்தைய கூடைக்குச் சற்றுத் தள்ளி, நடக்கும் தூரத்திலேயே வைப்பார்கள்.

தரையில் சிமெண்டால் பதித்த வெறுங்குழாய் ஒன்று தென்பட்டால், கூடையை அங்கே பொருத்தி எடுக்கும் வசதி இருக்கிறது என்று பொருள். புல் வெட்டும் போதோ திடலில் நிகழ்ச்சி நடக்கும்போதோ கூடையை எடுத்து வேறு குழாயில் பொருத்திப் பூட்டியிருப்பார்கள். அப்படியானால் செயலியில் உள்ள தூரம் இப்போதைய தூரமாக இருக்காது. ஒரு கூடை காணாமலே போயிருந்தாலும் கவலை இல்லை. இருக்கும் கூடைகளுக்குப் பொருத்தமான தொடக்க இடங்களை நீங்களே குறித்துக்கொண்டு ஆடலாம். அவ்வாறு குறிக்கும்போது, வீச்சின் பாதையில் கட்டடமும் சாலையும் நடைபாதையும் வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே விதி.

நடந்து செல்லும்போதே ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இங்கே வீச்சு தவறினால் டிஸ்க் எங்கே போய் விழும்? வலப்புறம் வகுப்பறைச் சன்னல், இடப்புறம் சாலை, பின்னால் ஊஞ்சல்கள் உள்ள விளையாட்டிடம் என்று விடை ஒவ்வொன்றுக்கும் மாறும். இடம் குறைவாக இருப்பதால் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதும் உண்டு. அந்த இடங்களை மனத்தில் இருத்திக்கொண்டால் ஆட்டத்தின் பாதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

சில பள்ளிகளில் சங்கிலிக் கூடைக்குப் பதிலாக மரக்கம்பமோ வண்ணம் பூசிய பீப்பாயோ இலக்காக இருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில் பிளாட்வொர்த் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில், 1926ஆம் ஆண்டு ரொனால்ட் கிப்சனும் அவருடைய தோழர்களும் தகர மூடிகளைப் பள்ளி மைதானத்து மணலில் வரைந்த வட்டங்களுக்குள் வீசி ஆடினார்கள். இவ்விளையாட்டைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்திகளில் இதுவும் ஒன்று. அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பிரிந்ததும் ஆட்டமும் அங்கே நின்றுபோயிற்று. கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிரந்தரக் களத்திலும் தொடக்கத்தில் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. சங்கிலிக் கூடையை அவர் அதற்குப் பின்னரே உருவாக்கினார். கம்பத்தை இலக்காகக் கொண்டு ஆடும்போது, அதன் எந்த உயரத்தில் பட்டால் முடிந்ததாகக் கொள்வது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிஸ்க்கை எடுப்பது

டிஸ்க்குகள் மூவகை. புட்டர் மெதுவாகப் பறக்கும். விளிம்பு மழுங்கலாக இருக்கும். கூடைக்கு அருகிலிருந்து வீசுவதற்கு ஏற்றது. மிட்ரேஞ்ச் நடுத்தர தூரத்துக்கு உரியது. டிரைவர் நெடுந்தூரத்துக்கு உரியது. அதன் விளிம்பு கூர்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். பள்ளிக் களத்தில் டிரைவரைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 60 மீட்டர் தொலைவில் உள்ள கூடைக்கு அது தேவையும் இல்லை. புதியவர் கையில் அது போதிய வேகம் பெறாமல் பக்கவாட்டில் வளைந்து போய்விடும். சன்னலிலோ ஆள்மீதோ பட்டால் சேதமும் காயமும் கடுமையாக இருக்கும்.

பல டிஸ்க்குகளின் மேற்புறத்தில் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, அது சரியாகப் பறக்கத் தேவையான வேகம். இரண்டாவது, காற்றில் மிதக்கும் திறன். மூன்றாவது, வேகமாகச் செல்லும்போது பக்கவாட்டில் திரும்பும் இயல்பு. நான்காவது, வேகம் குறையும்போது எதிர்ப்பக்கமாகச் சாயும் இயல்பு. முதல் எண் 5க்கு மேற்படாத டிஸ்க்குகளே பள்ளிக் களத்துக்குப் போதும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியர் என்னும் புட்டருக்கு இவ்வெண்கள் 2, 3, 0, 1. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) என்னும் மிட்ரேஞ்சுக்கு 5, 4, -1, 1. இரண்டுமே நீண்ட காலமாகப் பலரும் நம்பி வாங்குபவை. இவற்றைப் போன்ற ஒரு புட்டரும் ஒரு மிட்ரேஞ்சும் இருந்தால் முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம். எடையில் 150 முதல் 165 கிராம் வரை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். போட்டி டிஸ்க்குகளுக்கு உச்ச வரம்பு 200 கிராம் என்றாலும், எடை குறைந்தது புதியவர் கைக்கு எளிதாக இருக்கும். மலிவான அடிப்படை பிளாஸ்டிக்கில் செய்தவை பிடிப்புக்கு நன்றாக இருக்கும்; விரைவில் தேய்ந்தாலும் இழப்பு பெரிதன்று. டிஸ்க்கின் அடிப்புறத்தில் அழியாத மையால் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள்.

கட்டடங்களுக்கு நடுவே வீசுவது

புட்டரைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேற்புறத்தில் இருக்கட்டும். மற்ற விரல்கள் அடியில் சற்றே விரிந்திருக்கட்டும். வலக்கைக்காரர் வலத் தோள் கூடையை நோக்கும்படி பக்கவாட்டில் நின்று, டிஸ்க்கை மார்புக்குக் குறுக்கே நேர்கோட்டில் பின்னுக்குக் கொண்டுபோய், இடுப்பிலிருந்து உடலைத் திருப்பியபடி முன்னே இழுத்து விட வேண்டும். இதுவே பேக்ஹேண்ட் வீச்சு. முன் விளிம்பு மேல்நோக்கி இருந்தால் டிஸ்க் உயரே ஏறி வேகமிழந்து பக்கவாட்டில் சரிந்துவிடும். திறந்த வெளியில் அது சில மீட்டர் இழப்போடு முடியும், பள்ளியில் கூரைமேல் போய் உட்கார்ந்துவிடும். எனவே மார்பு உயரத்தில், சமமாக, மெதுவாக வீசிப் பழகுங்கள். ஓடி வந்து வீச வேண்டிய அவசியம் இந்தத் தூரங்களுக்கு இல்லை. பனி ஈரம் காயாத காலைப் புல்லில் ஓடினால் வழுக்கவும் செய்யும்.

இங்கே முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது டிஸ்க் எந்தப் பக்கம் சாய்ந்து முடியும் என்பது. வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் வீச்சு வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். விரல்களை உட்புற விளிம்பில் வைத்து, உள்ளங்கை மேல்நோக்க மணிக்கட்டைச் சுண்டி வீசும் ஃபோர்ஹேண்ட் வீச்சு வலப்பக்கம் சாயும். இடக்கைக்காரருக்கு இரண்டும் தலைகீழாகும். ஆகவே பாதையின் இடப்புறத்தில் கட்டடமோ சாலையோ இருந்தால் வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபத்து வலப்புறத்தில் இருந்தால் பேக்ஹேண்ட் பாதுகாப்பானது. கூடை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எதை விட்டு விலகிப் போக வேண்டும் என்று பார்ப்பதுதான் பள்ளிக் களத்தின் ஆட்டமுறை. ஃபோர்ஹேண்ட் இன்னும் கைவராதவர்கள், கட்டடத்திலிருந்து நன்றாக விலகிய ஓர் இடத்துக்கு முதல் வீச்சை வீசி, அங்கிருந்து இரண்டாவது வீச்சில் கூடையை அணுகலாம். ஒரு வீச்சு கூடினால் ஒன்றும் குறைந்துவிடாது.

பரந்த திடலில் காற்றைத் தடுக்க மரங்கள் இல்லாததால் அதன் தாக்கம் அதிகமாக இருக்கும். எதிர்காற்று டிஸ்க்கை மேலே தூக்கும்; வலக்கை பேக்ஹேண்ட் வீச்சானால் அதை வலப்பக்கம் திருப்பவும் செய்யும். பின்காற்று டிஸ்க்கைத் தரையை நோக்கி அழுத்துவதோடு, இடப்பக்கச் சாய்வையும் விரைவுபடுத்தும். கட்டட மூலைகளில் காற்று சுழன்று திசை மாறும் என்பதால், நீங்கள் நிற்கும் இடத்தில் உணரும் காற்றை மட்டும் நம்பாமல், கொடிக்கம்பத்தில் பறக்கும் கொடியையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளிக் களத்தில் கிடைக்கும் இந்த வசதி பூங்காக்களில் அரிது.

கூடைக்கு அருகே

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் டிஸ்க் விழுந்துவிட்டால், அங்கிருந்து அடுத்ததை வீசிய பின் முன்னால் சரிந்துவிடாமல், டிஸ்க் விழுந்ததாகக் குறித்த இடத்துக்குப் பின்னே நிலையாக நின்று காட்ட வேண்டும் என்பது விதி. சங்கிலியின் நடுப்பகுதியைப் பார்த்து, கையைக் கூடையை நோக்கி முழுவதும் நீட்டி விடுங்கள். எதிர்காற்றில் சற்றுத் தாழ்வாகவும் பின்காற்றில் சற்று உயர்வாகவும் குறி வைக்க வேண்டும். டிஸ்க் தட்டில் கிடக்க வேண்டும் அல்லது சங்கிலியில் தொங்கி நிற்க வேண்டும். சங்கிலியில் பட்டுத் தெறித்து வெளியே விழுந்தால் கணக்கில் சேராது. கூடைக்குப் பின்னால் வாகன நிறுத்துமிடம் இருந்தால், தொலைவிலிருந்து கூடைக்குள் போட முயலாமல் அதன் அடியில் போய் விழும்படி மெதுவாக வீசி, அடுத்த வீச்சில் முடித்துவிடுங்கள்.

இடத்துக்கேற்ற விதிகள்

பி.டி.ஜி.ஏ. விதிப்படி, எல்லைக்கு வெளியே விழுந்த டிஸ்க்குக்கு ஒரு வீச்சு தண்டமாகக் கூடும்; டிஸ்க் எல்லையைக் கடந்த இடத்துக்கு அருகில், எல்லைக்கு உட்புறம் ஒரு மீட்டருக்குள் நின்று ஆட்டத்தைத் தொடரலாம். எது எல்லை என்பதைப் பள்ளிக் களத்தில் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் கூட இருப்பவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். கட்டடங்கள், கூரைகள், நடைபாதைகள், சாலை, ஓடுபாதை, செயற்கைப் புல்தரை, சிறுவர் விளையாட்டிடம், வேலி போட்ட பேஸ்பால் திடல் ஆகிய எல்லாவற்றையும் எல்லைக்கு வெளியே என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. இது ஆட்டத்தைக் கடினமாக்குவது உண்மைதான். ஆனால் அந்தக் கடினமே தட்டையான திடலுக்குச் சுவை சேர்க்கிறது. ஐக்கிய அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் போட்டிக்குப் புகழ்பெற்ற தென் கரோலினாவின் வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்திலும், திறந்த புல்வெளியில் கயிறு கட்டி எல்லை வகுத்துத்தான் உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களைச் சோதிக்கிறார்கள்.

நிறுத்திய காருக்கு அடியில் டிஸ்க் போய்விட்டால், அதே நேர்கோட்டில் கூடையிலிருந்து சற்றுப் பின்வாங்கி, தண்டம் இல்லாமல் வீசலாம். இளங்கன்றுகளின் கிளைகளை வளைக்கவோ ஒடிக்கவோ கூடாது. பல பள்ளிகளில் அவை ஒரு மாணவரின் அல்லது ஆசிரியரின் நினைவாக நடப்பட்டவை.

ஆட்டத்துக்கு நடுவே பிள்ளைகள் திடலுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? சத்தம் போட்டு விலகச் சொல்லாதீர்கள். அவர்கள் கடந்து செல்லட்டும் என்று கையில் டிஸ்க்கோடு காத்து நிற்கவும் வேண்டாம், அது அவர்களைத் துரத்துவதற்கே சமம். அந்தக் கூடையை விட்டுவிட்டு வேறு பக்கம் செல்லுங்கள். வேறு பக்கம் இல்லையென்றால் அன்றைய ஆட்டத்தை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். வீசிய டிஸ்க் எதிர்பாராமல் ஒருவரை நோக்கிச் செல்லும்போது மட்டும் "ஃபோர்!" என்னும் எச்சரிக்கைச் சொல்லை உரக்கக் கத்த வேண்டும். அந்தச் சொல்லை அறியாதவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களே தவிர ஒதுங்க மாட்டார்கள். அதனால் ஆள் இருக்கும் திசையில் வீசாமல் இருப்பதே உண்மையான பாதுகாப்பு. களத்தைப் படம் எடுப்பதானாலும் பிள்ளைகள் யாரும் படத்தில் விழாத நேரத்தில் எடுங்கள்.

உங்கள் பிள்ளைகளோடு ஆடும்போது

சிறு பிள்ளைகளுக்கு முறையான தொடக்க இடம் தேவையில்லை. கூடையிலிருந்து 20 அல்லது 25 மீட்டர் தொலைவில் நிறுத்தி அங்கிருந்து வீசச் சொல்லுங்கள். சங்கிலியின் ஓசையை முதல் நாளிலேயே சில முறையாவது கேட்ட பிள்ளை மறுபடியும் வரும். ஒருவர் வீசும்போது மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற ஒரு கட்டளையை மட்டும் விடாமல் வலியுறுத்துங்கள். பக்கத்தில் நிற்பதும் ஆபத்தே. பிள்ளைகளின் கையிலிருந்து டிஸ்க் நழுவி எந்தப் பக்கமும் பறக்கும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 150 கிராமுக்குக் குறைந்த மென்மையான புட்டரே ஏற்றது. ஒரு கூடையில் ஏழு வீச்சு ஆகிவிட்டால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்லலாம் என்று வைத்துக்கொண்டால் யாரும் சலிப்படைய மாட்டார்கள்.

டிஸ்க் தொலைந்தால்

தொலைந்த டிஸ்க்கைத் தேட மூன்று நிமிடம் என்பது போட்டி விதி. அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டத்துடன் முன்பு வீசிய இடத்துக்கே திரும்ப வேண்டும். போட்டியாக ஆடாதபோது நிதானமாகத் தேடுங்கள். பள்ளியின் புல்வெட்டும் இயந்திரம் மறைந்து கிடக்கும் டிஸ்க்கின்மேல் ஏறினால் டிஸ்க் நொறுங்குவதோடு துண்டுகள் தெறித்து அதை ஓட்டுபவரையும் காயப்படுத்தலாம். கூரைமேல் விழுந்ததை எடுக்க ஒருபோதும் ஏறாதீர்கள். அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்தால், பராமரிப்புப் பணியாளர் கூரைக்குப் போகும் நாளில் எடுத்து வைப்பார். டிஸ்க்கில் எண் எழுதியிருந்தால் அழைக்கவும் செய்வார். சன்னலோ விளக்கோ உடைந்தால் அன்றைக்கே தெரிவித்து, இழப்பீடு தருவதாகவும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போன ஒருவரால் களமே மூடப்படக்கூடும். அப்போது இழப்பு அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆடி முடித்தபின், அறுந்த சங்கிலி, வளைந்த தட்டு, சாய்ந்த கம்பம், எண் அழிந்த கூடை என்று கண்ணில் பட்டவற்றைக் குறித்து உடற்கல்வி ஆசிரியருக்கு அனுப்புங்கள். தொடக்க இடங்களும் வரிசையும் உங்களுக்குத் தெளிவாகிவிட்டபடியால், கையால் ஒரு வரைபடம் வரைந்து அதையும் சேர்த்து அனுப்பலாம். அதைச் செயலியில் ஏற்றுவதற்கு முன் பள்ளியிடம் கேளுங்கள். சில பள்ளிகள் வெளியார் அதிகம் வருவதை விரும்புவதில்லை. அப்படியானால் அந்த வரைபடம் ஆசிரியரிடமே இருக்கட்டும். பள்ளி ஒப்புக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட நேரத்தை முதல் வரியிலும் மற்ற விவரங்களை அதற்குக் கீழும் எழுதுங்கள்.